அம்மாவிடம் போய்ச் சேராத கேள்வி

அன்புள்ள மகனுக்கு,

முழுவதும் வாசித்து முடித்துவிட்டுக் கோபப்படு. பாதியில் கோபப்பட்டுத் தூக்கி எறிந்துவிடாதே. அந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் என்றால் எனக்குக் குரலை ஏற்றி இறக்கி, இருமி, தண்ணீர் குடித்து, எப்படியும் தப்பிக்கொள்ளத் தெரியும். எழுத்தில் தப்ப ஏலாது. அதோடு நான் எழுதி முடிக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் உன் அம்மா வாங்கி வாசித்துவிட்டுத்தான் திருப்பித் தருகிறார். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் பென்சில். முதல் தரம் எழுதியபோது நான் கொஞ்சம் வளைத்திருந்த ஓரிடத்தை அடித்துவிட்டு, "இது பொய்" என்று ஓரத்தில் எழுதித் தந்தார். முப்பத்தாறு வருடம் திருகோணமலைக் கோட்டில் நீதவானுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளனாக நின்ற எனக்கு இந்த வயதில் இப்படியொரு மேற்பார்வை.

விசயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தோம். அம்மாதான் கேட்டு வாங்கியவர். "சோபிப் பிள்ளையின்ர ஊர் எப்பிடி இருக்குமெண்டு ஒருக்காப் பாக்கோணும், நல்ல படம் ஒண்டு அனுப்பு மகன்" என்று அவர் கேட்டபோது நீ வேறு கதைக்கு மாறினாயாம். பிறகு படத்தை அனுப்பி, கீழே ஒரு வரி மட்டும் எழுதியிருந்தாய்: இது சோபிக்கு மிகவும் பிடித்த படம் என்று. அதற்கு முந்திய கிழமைதான் உனக்கும் சோபிக்கும் அடுத்த மாதம் அங்கே நகரசபையில் பதிவுத் திருமணம் என்று சொன்னாய். "சின்னப் பதிவுதான் அம்மா, நீங்கள் வரத் தேவையில்லை" என்றாய். அம்மா, "ஓம் ஓம், உங்கட வசதிப்படி செய்யுங்கோ" என்று போனை வைத்தார். வைத்துவிட்டு, சமையல் எல்லாம் முடிந்து கழுவித் துடைத்திருந்த குசினிக்குள் போய் ஒரு தேங்காயை உடைத்துத் துருவத் தொடங்கினார். எதற்கு என்று கேட்டேன். துருவி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "அந்தப் பிள்ளை ஏன் இப்ப போனில முகம் காட்டுறேல்லை? நான் என்ன பிழை விட்டனான்?" என்றார். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அம்மா ஒரு பிழையும் விடவில்லை மகன். பிழை விட்டவன் பேப்பருக்குப் பின்னால் இருந்தான்.

படத்துக்கு வருகிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கௌசி வந்து தன்னுடைய கம்பியூட்டரை எங்கள் டிவியோடு பொருத்திவிட்டுப் போனாள். நான் சாரத்தோடு கதிரையில் சாய்ந்திருந்தேன். அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார், பத்து நிமிடமாக ஆளைக் காணவில்லை. வந்தபோது பார்த்தால் திருவிழாவுக்கு உடுத்துகிற அரக்குச் சேலை, தலையில் பூ.

"எங்கயப்பா வெளிக்கிட்டனீர்?"

"அந்தப் பிள்ளையின்ர ஊருக்கெல்லே போறம். நீங்கள் என்ன சாரத்தோட வரப்போறீங்களே? எழும்புங்கோ, மாத்துங்கோ."

"டிவியில பாக்கிறதுக்கு ஆரேன் உடுப்பு மாத்துவினமே?" என்று நான் சத்தம் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்து நீளக் காற்சட்டையும் இஸ்திரி போட்ட சேட்டுமாக வந்து இருந்தேன். ஊருக்குள் திரிகிற மான்களில் இரண்டு கேற்றடிக்கு வந்து நம்முடைய செம்பரத்தையை மேய்ந்துகொண்டு நின்றன. வழமையாகத் தடியோடு ஓடுவேன், உனக்குத் தெரியும். அன்றைக்கு நல்ல உடுப்போடு இருந்தபடியால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேச்செல்லாம் பிரெஞ்சு. கீழே ஆங்கில எழுத்து ஓடியது. அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. ஆகவே நான் கதிரையைத் திருப்பி, டிவிக்கும் அம்மாவுக்கும் நடுவில் போட்டுக்கொண்டு, கோட்டில் செய்த மாதிரியே தொடங்கினேன். நம் தொழிலில் 'அவர் சொல்கிறார், இவர் சொல்கிறார்' என்பதெல்லாம் கிடையாது. சாட்சி 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். இதனால் கலியாணம் முடித்த புதிதில் ஒரு விபரீதம் நடந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனோ தெரியாது. அம்மா எனக்குச் சாப்பாடு கொண்டு முதன்முதலாகக் கோட்டுக்கு வந்து சன்னலடியில் நின்றிருக்கிறார். உள்ளே ஒரு சிங்களச் சாட்சி சொன்னதை நான் தமிழில் உரத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "ஓம் ஐயா, எனக்குக் கந்தளாயில் இன்னொரு குடும்பம் இருப்பது உண்மைதான்." புதுப் பெண்டாட்டி கேட்டால் எப்படி இருக்கும்! சாப்பாட்டோடு அப்படியே திரும்பிப் போய், பின்னேரம் நான் வரும்வரை அழுதுகொண்டிருந்தார். அன்றைக்கு நான் பட்டினி. அவரைத் தேற்றப் பட்ட பாடு எனக்கும் பிள்ளையாருக்கும்தான் தெரியும்.

நீ அந்தப் படத்தைச் சோபியோடு இருந்து பார்த்திருப்பாய். அம்மா பார்த்த படம் கொஞ்சம் வேறு. கதை அந்தக் காலத்தது, கார் இல்லை, கரண்ட் இல்லை, குதிரை வண்டி. ஒரு பெரிய வீட்டில் மகளுக்குக் கலியாணம், சட்டை தைக்க வெளியூரிலிருந்து ஓர் ஏழைப் பெண்ணைக் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு மூத்த மகன் கூச்சக்காரன், தினமும் காலையில் அவள் தைக்கிற அறைச் சன்னலில் ஓர் அப்பிளை வைத்துவிட்டுப் போவான். அவள் அதை எடுத்துத் துடைத்து, கடிக்காமல் மணந்து பார்ப்பாள். இப்படியே அரை மணித்தியாலம். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தப் பொடியன் அப்பிள் வைச்சு வைச்சே கிழவனாப் போயிடுவான் போல. வாயைத் திறந்து கேட்டால் என்ன?" என்றார். "ஒருத்தரும் சண்டை பிடிக்கினமில்லை, சத்தம் போடினமில்லை, இதென்ன படமோ" என்றார். "பாணும் சூப்புமாய்ச் சாப்பிடினம், பாவம், ஒரு கறியைக் காணேல்லை" என்றார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மழைக் காட்சி. இருவரும் ஒரு மரத்துக்குக் கீழே, நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டு நிற்கிறார்கள், அவன் தன் கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டுகிறான், அவள் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சின்னப் பெட்டை மாதிரிச் சிரித்தார்.

"நீங்கள் எனக்கு ஒருக்காவெண்டாலும் இப்பிடி என்னவும் தந்தனீங்களே?"

"ஏன், கலியாணம் முடிச்ச வருசம் குடை வாங்கித் தந்தனான்தானே?"

"அது மாமிக்கு வாங்கினது. அவவுக்குப் பாரமாயிருக்கெண்டு என்னட்டத் தந்தனீங்கள்."

இவ்வளவு காலத்துக்குப் பிறகும் குடையின் சரித்திரம் அவருக்குப் பாடம். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அப்படி இருவரும் சேர்ந்து சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அப்போது அவர் படத்தைப் பார்த்தபடியே, "எங்கட சோபிக்கும் தைக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். எங்கட சோபி என்றார் மகன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. கலியாணச் சட்டை தைத்து முடிந்துவிட்டது, அடுத்த நாள் அவள் ஊருக்குப் போகவேண்டும். அந்த வீட்டுத் தாய் தனியாக மேசையில் இருந்து அப்பிள் தோல் சீவுகிறாள். இவள் போய் முன்னால் நிற்கிறாள், கைகள் நடுங்குகின்றன. கீழே எழுத்து ஓடியது: உங்கள் மகன் என்னைக் கேட்டால் நான் சம்மதம் சொல்லுவேன். ஆனால் உங்களைக் கேட்காமல் சொல்ல எனக்கு மனமில்லை. நான் உங்களுக்கு வேண்டுமா? இதுதான் எழுதியிருந்தது. நான் வாசித்தேன். வாய் திறக்கவில்லை. அம்மா, "சொல்லுங்கோ, என்ன கேக்குது அந்தப் பிள்ளை?" என்றார். எழுத்து மறைந்துவிட்டது. நான் சொன்னேன்: "தையல் வேலை முடிஞ்சுது, நான் நாளைக்கு வெளிக்கிடுறன்."

"நிப்பாட்டுங்கோ" என்றார் அம்மா. எப்படி நிற்பாட்டுவதென்று தெரியாமல் நான் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது.

"தையல் முடிஞ்சுதெண்டு சொல்ல ஏன் அந்தப் பிள்ளைக்குக் கை நடுங்குது?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லப் போனேன். அவர் விடவில்லை. "எனக்கு இங்கிலீசு தெரியாதுதான். முகம் பாக்கத் தெரியும். அண்டைக்கும் இப்பிடித்தான். சோபி தனியப் போன் எடுத்த அண்டைக்கு, அழப்போற மாதிரிக் கண்ணை வைச்சுக்கொண்டு ஏதோ கேட்டது. நீங்கள் அங்க சரியான குளிராம் எண்டனீங்கள். குளிருக்கும் கண் கலங்குமாக்கும் எண்டு நானும் விட்டிட்டன். இப்ப சொல்லுங்கோ. அண்டைக்கு அந்தப் பிள்ளை என்ன கேட்டது?"

இனி உனக்குச் சொல்கிறேன். தைப்பொங்கல் கழிந்து ஒரு கிழமை இருக்கும். நீ வேலைக்குப் போயிருந்த நேரம் சோபி வீடியோவில் எங்களுக்குப் போன் எடுத்தாள். உங்கள் மகனுக்குத் தெரியாமல்தான் எடுக்கிறேன், இதை நானே கேட்கவேண்டும் என்று நினைத்தேன் என்று ஆங்கிலத்தில் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சுகம் விசாரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் கோட்டில் ஒரு சொல் கூட்டவும் மாட்டீர்கள், குறைக்கவும் மாட்டீர்கள் என்று உங்கள் மகன் சொல்லியிருக்கிறார், அதனால் உங்களிடம்தான் இந்த உதவி கேட்கிறேன் என்றாள். நீதான் அவளுக்கு அந்தக் குச்சவெளிக் கிழவரின் கதையைச் சொல்லியிருக்கிறாய். தோணி வழக்கில் சாட்சி சொல்ல வந்த அந்த மனிதர், கேட்ட கேள்வியை விட்டுவிட்டுத் தன் தம்பி கடலில் போன கதையைச் சொல்லத் தொடங்கினார். நீதவானுக்குப் பொறுமையில்லை, 'ஓம் என்கிறாரா இல்லை என்கிறாரா, அதை மட்டும் சொல்லும்' என்றார். 'ஐயா, அவர் இரண்டும் சொல்லவில்லை, அவர் சொன்னதை முழுக்கச் சொல்லத்தான் எனக்கு அதிகாரம்' என்று நான் சொன்னேன். கோடே அடங்கி இருந்து கேட்டது. நீ பத்து வயதில் அதை உன் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லித் திரிந்தாய். அந்த அப்பாவை நம்பித்தான் சோபி போனை எடுத்தாள்.

அவள் கேட்டது இதுதான். "அம்மா, நான் உங்கள் மகனை விரும்புகிறேன். எங்கள் கலியாணத்தை உங்கள் ஊரில், உங்களுக்கு முன்னால் செய்ய எனக்கு ஆசை. ஆனால் நீங்கள் மனம் விரும்பிக் கூப்பிடாமல் நான் வரமாட்டேன். நான் உங்களுக்கு வேண்டுமா? உங்கள் பதிலை நினைத்து எனக்குப் பயமாக இருக்கிறது." நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "அங்க சரியான குளிராம், உமக்குச் சுகமோ எண்டு கேக்குது" என்றேன். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "நான் நல்லாயிருக்கிறன் பிள்ளை, குளிருக்கு உடம்பைப் பாத்துக்கொள்" என்றார். நான் போனைப் பார்த்து ஆங்கிலத்தில், "அம்மாவுக்கு யோசிக்கக் காலம் வேண்டுமாம், இப்போது ஒன்றும் சொல்ல முடியாதாம்" என்றேன். அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார், நான் இப்படிச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை குழம்பிப்போனது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மரியாதையாக, "அவரை அவசரப்படுத்த வேண்டாம், நான் காத்திருக்கிறேன்" என்றாள். அதைக்கூட நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

ஏன் செய்தீர்கள் என்று கேட்பாய். அம்மாவும் கேட்டார். கார்த்திகையில், என்னோடு கோட்டில் வேலை செய்த நண்பனின் லிங்கநகர் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது, உன்னை அவனுடைய மகளுக்குப் பேசலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். உன்னையும் கேட்கவில்லை, அம்மாவையும் கேட்கவில்லை. கொஞ்ச நாள் இழுத்தால் நீ மனம் மாறுவாய் என்று நினைத்தேன். அந்தப் பெட்டை சித்திரையில் தான் விரும்பிய ஒருவனைக் கலியாணம் முடித்து இப்போது கொழும்பில் சந்தோசமாக இருக்கிறாள், நானே கலியாணத்துக்குப் போய் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். இழுத்தடிக்க எனக்கிருந்த சாட்டு அன்றைக்கே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அம்மா ஓம் என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். கேட்ட மறு நிமிடம் சொல்லியிருப்பார். அதுதான் எனக்குப் பயம். இந்த வீட்டில் ஒரு பெரிய முடிவு நான் இல்லாமல் ஆகிவிடும் என்ற பயம். (இந்த இடத்தில்தான் நான் வளைத்து எழுத, அம்மா பென்சிலால் அடித்தார். இது மூன்றாம் தரம் எழுதியது.)

அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து கண்டியில் காட்டப் போனோமே, அப்போது நீ பல்கலைக்கழகத்தில். டொக்டர் சிங்களத்தில் எனக்கு விளங்கப்படுத்தினார். அம்மா என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்டையும் மறைக்காதேங்கோ, அவர் சொல்லுற மாதிரியே சொல்லுங்கோ" என்றார். நான் அப்படியே சொன்னேன். இது புற்றுநோயாக இருக்கலாம், பயப்படவேண்டிய கட்டம்தான் என்பதையும் சொன்னேன். ஒரு சொல்லை மாற்றவில்லை. பிறகு அது ஒன்றுமில்லை என்று வந்தது. "நீங்கள் உள்ளபடி சொன்னபடியாலதான் நான் பயமில்லாமல் படுத்தனான்" என்று வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தார். அப்படி என் வாயை நம்பின மனுசிக்கு நான் குளிர் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். "எழும்பி நில்லுங்கோ" என்றார் அம்மா. "கோட்டில நிண்ட மாதிரி நிண்டு, அந்தப் பிள்ளை சொன்னதைச் சொல்லுங்கோ. நான் எண்டே சொல்லுங்கோ." நல்ல காற்சட்டையும் சேட்டுமாக, பிடுங்கின வயர் கையில் இருக்க, நான் டிவிக்கு முன்னால் நின்று சொன்னேன். "அம்மா, நான் உங்கள் மகனை விரும்புகிறேன்" என்று தொடங்கி, "பயமாக இருக்கிறது" என்பது வரைக்கும். ஏழு மாதமாக ஒவ்வொரு நாளும் மனதுக்குள் ஓடினது, ஒரு சொல் தட்டவில்லை. சொல்லி முடிந்ததும் அம்மா என்னைப் பார்க்கவில்லை. தலையில் இருந்த பூவைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏழு மாசம்" என்றார். "என்ர பதிலுக்கு ஏழு மாசமா ஒரு பிள்ளை பாத்துக்கொண்டிருந்திருக்கு. நான் இஞ்ச இருந்து வடகம் போட்டனான்." அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி ஆறியிருப்பேன். இரண்டு நாள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. சாப்பாடு மேசையில் மூடி இருக்கும், ஆள் இருக்கமாட்டார். மூன்றாம் நாள் கடதாசியும் பேனையும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார்.

மகன், உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் அப்பன் அல்லவா, வாய் சும்மா இருக்காது. நீ இனி இரண்டு பேருக்கு நடுவில் நிற்கப்போகிறாய். "இந்தப் பிள்ளை ஏன் தலைக்கு எண்ணெய் வைக்குதில்லை" என்று அம்மா கேட்பார். "நான் எழும்ப முதலே உன் அம்மா ஏன் என் உடுப்பையெல்லாம் தோய்த்துவிடுகிறார்" என்று சோபி கேட்பாள். உன் வாய் தானாகவே அதை மெதுவாக்கப் பார்க்கும். நல்ல எண்ணத்தில்தான் பார்க்கும். விடாதே. கேட்டதைக் கேட்டபடி சொல். சண்டை வந்தால் வரட்டும், அது அவர்களுடைய சண்டை, பிடித்து முடித்து அவர்களே சமாதானமாகிக்கொள்வார்கள். நீ பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு வர்த்தகம் படிக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினாய், நினைவிருக்கிறதா? ஒரே வீட்டில், ஒரே பாஷை பேசுகிற இரண்டு பேருக்கு அம்மாதான் அப்போது மொழிபெயர்ப்பாளர். "கணக்குப் படிக்காட்டி என்னோட கதைக்க வேண்டாமெண்டு சொல்லும்" என்று நான் திருப்பி அனுப்பினேன். அவர் உன்னிடம் வந்து அதை அப்படியே சொன்னார், சொல்லிவிட்டு உன்னோடு இருந்து அழுதார். மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ வர்த்தகம்தான் படித்தாய், நானும் கதைத்தேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

உன்னிலும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சோபி உன்னிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள் என்று நினைக்கிறேன், நீ அம்மாவோடு கதைக்கிற விதம் மாறியதிலிருந்து தெரிந்தது. இந்த ஏழு மாதத்தில் ஒருநாளாவது நீ அம்மாவிடம், "ஏனம்மா அவளை வேண்டாமெண்டனீங்கள்?" என்று நேரே கேட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே பிடிபட்டிருப்பேன். நீ கேட்கவில்லை. அம்மாவை நோகடிக்கக்கூடாது என்று விட்டிருப்பாய். அம்மாவும் உன்னை நோகடிக்கக்கூடாது என்று விட்டார். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பாவம் பார்த்த இடைவெளியில் நான் நல்லாய்த் தப்பி இருந்தேன். கலியாணத்துக்குப் பிறகு உனக்கும் சோபிக்கும் இப்படி ஒரு சந்தேகம் வந்தால் பாவம் பார்க்காதே. கேள். அன்றைக்கே கேள்.

சோபியிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அதை நீ சொல்லவேண்டாம், நானே ஆங்கிலத்தில் எழுதித் தனியாக இதோடு வைத்திருக்கிறேன். அவள் மன்னிக்காவிட்டால் அது நியாயம்தான். அவள் இங்கே வரமாட்டேன் என்றாலும் நியாயம்தான். உங்கள் கலியாணத்தில் அம்மா நிற்கவேண்டிய இடத்தை நான் பிடுங்கிவிட்டேனோ என்ற பயத்தோடுதான் இந்தக் கிழமை முழுக்க எழும்பிப் படுக்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னைத் தூக்கிக் கொஞ்சினது குறைவு. உன்னில் எனக்கு எவ்வளவு அன்பு என்பதை உன்னிடம் சொன்னது அதைவிடக் குறைவு. இப்போது எழுத்தில் சொல்கிறேன். நீ என் உயிர் மகன். நீ விரும்பின பிள்ளை எனக்கும் பிள்ளை.

இனி வருவது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. சோபிக்கு. அம்மா எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, நான் எழுதுகிற கையையே பார்த்துக்கொண்டு சொல்கிறார். நீ சோபியைப் பக்கத்தில் இருத்தி, இதை அவளுக்குப் பிரெஞ்சில் சொல்.

"மகள், நான் அம்மா கதைக்கிறன். தையில நீ கேட்டது எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சேர்ந்தது. நான் உன்னை வேண்டாமெண்டு வைச்சிருக்கிறன் எண்டு நீ இவ்வளவு நாளும் நினைச்சிருப்பாய். அதை நினைக்க எனக்கு வயிறு எரியுது. நான் அப்பிடி ஒரு சொல்லும் சொல்லேல்லை பிள்ளை. உன்ர முகத்தைக் காணேல்லையெண்டு எல்லாரையும் கேட்டுக்கொண்டு திரிஞ்சனான். உன்ர படத்தையும் பாதியோட நிப்பாட்டி வைச்சிருக்கிறன். மிச்சத்துக்கு நீ பக்கத்தில இருந்து கதை சொல்லோணும், இந்த மனுசனை இனி நம்பேலாது.

இன்னொண்டு சொல்லோணும். எனக்குக் கலியாணம் பேசேக்க என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. நாள் வைச்சிட்டுத்தான் சொன்னவை. இந்த வீட்டுக்கு வந்ததும் அப்பிடித்தான். மகன் வெளிநாடு போனதும் அப்பிடித்தான், ரிக்கற் எடுத்த பிறகுதான் எனக்குத் தெரியும். நான் அதைக் குறையா நினைக்கேல்லை, எங்கட ஆக்கள் அப்பிடித்தான். ஆனா இந்த மூண்டு நாளா இருந்து யோசிச்சன். எனக்கு இப்ப அறுபத்திமூண்டு வயசு. ஒரு பெரிய காரியத்தை என்னட்ட வந்து, உங்களுக்கு விருப்பமோ எண்டு கேட்ட முதல் ஆள் நீதான்.

அங்க பதிவை வைச்சுக்கொள்ளுங்கோ. பிறகு இஞ்ச வா, கோயில்ல தாலி கட்டுவம், நான் முன்னுக்கு நிக்கிறன். கோவமெண்டு வராட்டியும் பரவாயில்லை, அதையும் என்னட்டயே சொல்லு. ஆனா அதுக்கு முதல் ஒருக்கா எனக்குப் போன் எடு. நடுவில ஒருத்தரும் வேண்டாம். பாஷை தெரியாட்டி என்ன, முகத்தைப் பாத்து நான் விளங்கிக்கொள்ளுவன். அண்டைக்குக் கேட்டதை என்னட்ட இன்னொருக்காக் கேள் மகள். ஓம் எண்டு என்ர வாயால நான் சொல்லோணும்."